தேள் கொட்டினாலும் கத்தாத வாடிக்கையாளர்

2018 ஜனவரி 13, சனிக்கிழமை காலை 8.07 மணிக்கு ஹவாய்த் தீவுகளில் கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், இது ஒத்திகை அல்ல என்றது அரசின் எச்சரிக்கை. தவறுதலாகப் போய்விட்டது என்று மறுசெய்தி வர 38 நிமிடம் பிடித்தது. சில நாட்களில் போர்ன்ஹப் என்ற இலவச ஆபாசக் காணொளித் தளம் அந்தக் காலைவேளையின் வரைபடம் ஒன்றை வெளியிட்டது. 8.23-க்கு ஹவாயிலிருந்து வரும் கூட்டம் வழக்கத்தைவிட 77 சதவீதம் சரிந்திருந்தது. ஆபத்தில்லை என்று தெரிந்தபின், 9.01-க்கு, வழக்கத்தைவிட 48 சதவீதம் எகிறியிருந்தது. உலகமே அந்தப் படத்தைப் பகிர்ந்து சிரித்தது. அதை வரைய என்னென்ன தேவை என்று யோசித்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். எந்த ஊரிலிருந்து எந்த நிமிடம் எத்தனை பேர் வந்தார்கள், சாதாரணமான ஒரு சனிக்கிழமை காலையில் அதே ஊரிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்பதெல்லாம் பதிவாகி இருந்தால்தான் அப்படியொரு கோடு போட முடியும். வெளியிட்டது மொத்தக் கணக்குதான், அதில் தனி ஆள் யாரும் தெரியவில்லை. ஆனால் எந்த மொத்தக் கணக்கும் தனித்தனிப் பதிவுகளைக் கூட்டித்தான் வருகிறது.

இந்தத் தளங்களைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சு எழுந்தால் அது ஒழுக்கத்தில் தொடங்கி ஒழுக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அந்த விவாதத்துக்கு இங்கே இடமில்லை. நான் பார்க்க நினைப்பது வரவு செலவை. வருகிறவரிடம் ஒரு பைசா வாங்காத தளம், 2019-ல் மட்டும் 4,200 கோடி வருகைகளைக் கண்டதாகத் தானே அறிவித்துக்கொண்ட தளம், சர்வருக்கும் சம்பளத்துக்கும் எங்கிருந்து பணம் எடுக்கிறது? விளம்பரம் என்பது பாதி விடை. செய்தித் தளங்களும் மின்னஞ்சல் சேவைகளும்கூட விளம்பரத்தில்தான் ஓடுகின்றன. வேறுபாடு வாடிக்கையாளரிடம் இருக்கிறது. செய்தித் தளம் ஒன்று வாசகரின் கணினியில் வைரஸ் இறக்கினால் அவர் சமூக ஊடகத்தில் கிழித்துத் தொங்கவிடுவார். வங்கிச் செயலி தகவலைக் கசியவிட்டால் நுகர்வோர் மன்றத்துக்குப் போவார். ஆபாசத் தளத்தில் ஏமாந்தவரோ திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக வாயைப் பொத்திக்கொள்வார். பழமொழியில் வருபவராவது திருடர். இவர் எந்தக் குற்றமும் செய்யாதவர். வயதுவந்தோர் சம்மதத்துடன் நடித்த படத்தைத் தனிமையில் பார்ப்பதை இந்தியச் சட்டம் தண்டிப்பதில்லை. (சிறார் சம்பந்தப்பட்ட காட்சிகள் முற்றிலும் வேறு, அவற்றை வைத்திருப்பதே குற்றம்.) இந்த மௌனம்தான் தொழிலின் மூலதனம் என்பது என் வாதம். புகார் வராத கடையில் சரக்கின் தரத்தை உயர்த்தும் கட்டாயம் யாருக்கும் இல்லை.

தொழில் வளர்ந்த விதத்தைப் பார்த்தாலே எது இங்கே உண்மையான சரக்கு என்பது புரியும். 2005-ல் யூடியூப் வந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அதே அச்சில் யூபோர்ன், போர்ன்ஹப் போன்றவை முளைத்தன. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஏறியவற்றில் ஏராளமானவை கட்டணத் தளங்களிலிருந்து திருடப்பட்ட துண்டுகள். உரிமையாளர் எழுதிக் கேட்டபின் எடுத்துவிட்டால் போதும் என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் ஏற்பாடு தளங்களுக்குக் குடை பிடித்தது. சந்தா கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் இலவசத்தின் பக்கம் சாய, படம் எடுத்தவர்கள் தடுமாறினார்கள். அந்த நேரத்தில் சந்தைக்குள் வந்தவர் ஃபாபியன் டில்மன் என்ற ஜெர்மானியர். அவர் படம் எடுத்துப் பணம் பார்த்தவர் அல்ல. நேட்ஸ் என்ற மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவர். ஒரு தளத்தில் இணைப்பைத் தட்டிய ஆள் இன்னொரு தளத்தில் சந்தா கட்டினால், அனுப்பிவைத்தவருக்கு எவ்வளவு தரகு சேரவேண்டும் என்று கணக்கு வைப்பதே அதன் வேலை. அதாவது, ஆள் எங்கிருந்து வந்தார், எங்கே போனார் என்று பின்தொடரும் வேலை. அதில் சம்பாதித்தவரின் மான்வின் நிறுவனம் 2010-ல் போர்ன்ஹப்பை வாங்கியது; இலவசத் தளங்களால் நெருக்கடிக்கு உள்ளான ஸ்டுடியோக்களையும் பின்னர் ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டது. 2013-ல் அவர் விற்றுவிட்டு வெளியேற, நிறுவனம் மைண்ட்கீக் ஆனது. 2023-ல் கனடாவின் முதலீட்டு நிறுவனம் ஒன்று வாங்கி அய்லோ என்று பெயர் மாற்றியது. பெயர்கள் மாறினாலும் வருமானம் வரும் வழிகள் மாறவில்லை. விளம்பரம், கட்டணச் சந்தாவுக்கு இழுப்பது, நேரலைத் தளங்களுக்கும் டேட்டிங் தளங்களுக்கும் ஆள் அனுப்பித் தரகு வாங்குவது. மூன்றுக்கும் அடிப்படை, வந்தவரை அடையாளம் வைத்துக்கொள்வது.

விளம்பரம் என்றேன், எந்த விளம்பரம்? சோப்பும் காரும் வங்கியும் இங்கே தலைகாட்டாது. கூகுளின் விளம்பர சேவை ஆபாசத் தளங்களை ஏற்பதில்லை. ஆகவே இதற்கென்றே தனிச் சந்தை உருவானது. மைண்ட்கீக்கின் சொந்த ட்ராஃபிக்ஜங்கி, பார்சிலோனாவின் எக்ஸோகிளிக், ஜூசிஆட்ஸ் என்று சில இடைத்தரகர்கள். ஏலம் கேட்பவர் குறைவு என்பதால் விலையும் குறைவு. விலை குறைந்தால் எண்ணிக்கையைக் கூட்டவேண்டும். எங்கே தட்டினாலும் பின்னால் ஒரு புதிய ஜன்னல் திறந்துகொள்வது அதனால்தான். விலை குறைந்தால் விளம்பரதாரர் யார் எவர் என்று சோதிக்க ஆள் போடவும் கட்டுப்படியாகாது. 2017 அக்டோபரில் புரூஃப்பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்திய மோசடி இதற்குச் சரியான சான்று. போர்ன்ஹப்பில் ட்ராஃபிக்ஜங்கி வழியாக வந்த விளம்பரங்கள் பார்வையாளரை ஒரு போலிப் பக்கத்துக்குத் தள்ளின. குரோமில் வந்தவருக்குக் குரோம் புதுப்பிப்பு, ஃபயர்ஃபாக்ஸில் வந்தவருக்கு ஃபயர்ஃபாக்ஸ் புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்ட் பிரவுசரில் வந்தவருக்கு ஃப்ளாஷ் புதுப்பிப்பு என்று ஆளுக்கேற்ற வேடம். ஏற்றிக்கொண்டால் கோவ்டர் என்ற நச்சுநிரல் உள்ளே உட்கார்ந்துவிடும். அதன் வேலை என்ன தெரியுமா? கணினியின் சொந்தக்காரருக்குத் தெரியாமல் பின்னணியில் வேறு விளம்பரங்களைத் தட்டிக்கொண்டே இருப்பது. தட்டுக்கு இவ்வளவு என்று காசு மோசடிக்காரருக்கு. விளம்பரம் வழியே வந்த கிருமி விளம்பரச் சந்தையையே தின்றது. தகவல் கிடைத்ததும் தளமும் தரகரும் விரைவாக அதை மூடினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அதற்கு முன் ஓராண்டுக்கு மேல் அது ஓடியிருக்கிறது. கண்டுபிடித்ததும் ஒரு பாதுகாப்பு நிறுவனம்தான். ஏமாந்தவர்களில் எத்தனை பேர் எந்தத் தளத்தில் ஏமாந்தோம் என்று பழுதுபார்ப்பவரிடமாவது சொல்லியிருப்பார்கள்?

நச்சுநிரல் அவ்வப்போது நடப்பது. பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் நடப்பது வேறு. அதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கவேண்டும். முகவரியைத் தட்டியதும் உங்கள் பிரவுசர் தளத்தின் சர்வரிடம் பக்கத்தைக் கேட்கிறது. வந்த பக்கத்தில் எழுத்தும் படமும் மட்டும் இல்லை. இந்த எண்ணும் நிரலை அங்கிருந்து கொண்டுவா, இந்த விளம்பரத்தை இங்கிருந்து கொண்டுவா என்ற கட்டளைகளும் இருக்கின்றன. பிரவுசர் சொன்னபடி ஒவ்வொரு வாசலாகப் போய்த் தட்டுகிறது. தட்டிய இடமெல்லாம் உங்கள் ஐ.பி. முகவரி, பிரவுசரின் பதிப்பு, மொழி ஆகியவற்றோடு எந்தத் தளத்திலிருந்து அனுப்பப்பட்டீர்கள் என்ற தகவலையும் விட்டுச்செல்கிறது. வாசலில் இருப்பவர் உங்கள் பிரவுசரில் ஒரு நீண்ட எண்ணைப் பதித்துவைக்கிறார், அதுதான் குக்கீ. நாளை நீங்கள் சமையல் குறிப்பு பார்க்கும்போதோ திருமண வரன் தேடும்போதோ அதே ஆள் அந்தத் தளத்திலும் கடை விரித்திருந்தால், அதே எண்ணைக் காட்டியபடி உள்ளே நுழைகிறீர்கள். அந்த இரண்டாவது தளத்தில் உண்மைப் பெயரையும் மின்னஞ்சலையும் கொடுத்திருந்தால், பெயரையும் எண்ணையும் முடிச்சுப் போட்டுவிடலாம். முடிச்சு போட்டே தீருவார்கள் என்று சொல்லவில்லை. போடத் தேவையான நூலின் இரு முனையும் ஒரே கையில் இருக்கிறது என்கிறேன்.

இது ஊகம் அல்ல, அளந்து பார்த்தது. எலினா மாரிஸ், டிமதி லிபர்ட், ஜெனிஃபர் ஹென்ரிக்சன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 22,484 ஆபாசத் தளங்களைத் தானியங்கி நிரலால் திறந்து பார்த்து 2019-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 93 சதவீதத் தளங்கள் பார்வையாளரின் தகவலை மூன்றாம் தரப்புக்கு அனுப்பின. கூகுளின் தடம் 74 சதவீதத் தளங்களிலும், ஆரக்கிளின் தடம் 24 சதவீதத்திலும், ஃபேஸ்புக்கின் தடம் 10 சதவீதத்திலும் இருந்தது. தனியுரிமைக் கொள்கை என்று ஒன்றை எழுதிவைத்திருந்தவை 17 சதவீதம் மட்டுமே. இதையெல்லாம்விட என்னை யோசிக்கவைத்த எண் 45. ஏறத்தாழ 45 சதவீதத் தளங்களின் முகவரியைப் படித்தாலே பார்ப்பவரின் பாலியல் நாட்டம் என்னவாக இருக்கலாம் என்று ஊகிக்க முடிந்தது. பக்கத்துக்குள் எட்டிப் பார்க்கவே வேண்டாம். அதே ஆண்டில் வேறொரு குழு 6,843 தளங்களை ஆராய்ந்தது. 72 சதவீதத்தில் மூன்றாம் தரப்புக் குக்கீ இருந்தது. குக்கீ வைக்கச் சம்மதமா என்று கேட்டவை 4 சதவீதம். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டு கழிந்த பிறகு வெளியான முடிவுகள் இவை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கூகுள் ஆபாசத் தளங்களில் விளம்பரம் போடுவதில்லை. பாலியல் விருப்பத்தை வைத்து விளம்பரம் குறிவைப்பதையும் தடை செய்திருக்கிறது. அந்தத் தடங்களில் கணிசமானவை வருகையை எண்ணும் கருவியாகவோ எழுத்துருவாகவோ தளத்துக்காரரே இலவசமாக எடுத்துப் பொருத்தியவை. 2019-க்குப் பிறகு சூழலும் மாறியிருக்கிறது. சஃபாரி 2020-ல் மூன்றாம் தரப்புக் குக்கீயை முழுதாக அடைத்தது, ஃபயர்ஃபாக்ஸ் 2022-ல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனியே பூட்டியது, குரோம் 2020 முதல் முழு முகவரியைக் கொடுக்காமல் தளத்தின் பெயரை மட்டும் கொடுக்கிறது. எல்லாம் உண்மை, நல்லதும்கூட. ஆனால் இந்தியாவில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டும் குரோமும். மூன்றாம் தரப்புக் குக்கீயை ஒழிப்பதாகப் பல ஆண்டுகள் சொல்லிவந்த கூகுள் 2025-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. தவிர, தளத்துக்காரர் அழைத்துவந்து தன் பக்கத்துக்குள்ளேயே ஓடவிடும் நிரலுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் பொருட்டே அல்ல. அது முழு முகவரியையும், தேடல் பெட்டியில் தட்டியதையும் படிக்க முடியும். பயன்படுத்தமாட்டோம் என்பது ஒரு நிறுவனத்தின் இன்றைய கொள்கை. சேர்த்துவைத்த தகவலோ கொள்கை மாறிய பிறகும், நிறுவனம் கைமாறிய பிறகும் இருக்கும்.

நான் இன்காக்னிட்டோவில்தானே பார்க்கிறேன் என்பது அடுத்த மறுப்பு. அந்த முறை மறைப்பது வீட்டில் உள்ளவர்களிடமிருந்து. வெளியில் உள்ளவர்களிடமிருந்து அல்ல. ஜன்னலை மூடியதும் உங்கள் கருவியில் உள்ள வரலாறும் குக்கீயும் அழியும். சர்வரில் விழுந்த பதிவு அழியாது, உங்கள் இணைய நிறுவனம் எந்தத் தளப் பெயரைத் தேடினீர்கள் என்பதை அறியும், ஐ.பி. முகவரி அப்படியே போகும். குக்கீ இல்லாமலும் ஆளைப் பிடிக்க வழியுண்டு. 2010-ல் ஆய்வாளர் பீட்டர் எக்கர்ஸ்லி ஏறத்தாழ 4,70,000 பிரவுசர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். பதிப்பு, திரை அளவு, நிறுவிய எழுத்துருக்கள், நேர மண்டலம் போன்ற சாதுவான விவரங்களைச் சேர்த்தாலே அவற்றில் 83.6 சதவீதம் வேறெதனோடும் ஒத்துப்போகாமல் தனித்து நின்றன. இன்காக்னிட்டோ பற்றி மக்கள் கொண்டிருந்த தவறான நம்பிக்கை அமெரிக்காவில் வழக்காகவே போனது. 2020-ல் தொடுக்கப்பட்ட வழக்கில் 2024-ல் வெளியான சமரச உடன்பாட்டில், அந்த முறையில் உலவியவர்களைப் பற்றிச் சேர்த்த பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது. அழிக்க ஒப்புக்கொள்வதென்றால் அவ்வளவும் அதுவரை இருந்தன என்றுதான் பொருள்.

கோடிக்கணக்கானவர்களில் நான் ஒருவன், என்னைத் தேடி யார் வரப்போகிறார்கள்? இதுவும் கேட்கக்கூடிய கேள்விதான். பதில், உங்களைத் தேடவே வேண்டாம் என்பது. 2018-ன் நடுப்பகுதியில் உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே மாதிரி மின்னஞ்சல் வந்தது. நீ ஆபாசத் தளம் பார்த்தபோது உன் கேமராவில் உன்னைப் படம் பிடித்திருக்கிறேன், பிட்காயினில் பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் உறவினர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுவேன். நம்பவைப்பதற்கு, எப்போதோ வேறெங்கோ கசிந்த உங்கள் பழைய கடவுச்சொல் ஒன்று தலைப்பில் இருக்கும். படமும் இல்லை, ஊடுருவலும் இல்லை. மோசடிக்காரரின் கையில் இருந்தது மின்னஞ்சலைப் பெற்றவரின் வெட்கம் மட்டுமே. நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 2021-ல் தில்லி காவல்துறை தமிழ்நாட்டைச் சேர்ந்த மூவரைக் கைது செய்தது. ஆபாசம் பார்த்ததற்காக உங்கள் கணினி முடக்கப்பட்டிருக்கிறது, 3,000 ரூபாய் அபராதம் கட்டுங்கள் என்று காவல்துறை முத்திரையோடு திரையில் போலி அறிவிப்பைக் காட்டிப் பணம் பறித்தார்கள் என்பது வழக்கு. தொகையைக் கவனியுங்கள். 30,000 கேட்டால் ஒருவர் யாரிடமாவது யோசனை கேட்பார். 3,000 என்றால் விட்டது சனியன் என்று கட்டிவிடுவார். வெட்கத்துக்கு இவ்வளவு துல்லியமாக விலை நிர்ணயித்ததில் ஒரு சந்தை அறிவு தெரிகிறது. இதோடு, எல்லோருடைய வெட்கமும் ஒரே எடை அல்ல. தன்பாலின உறவை இந்தியாவில் உச்ச நீதிமன்றம் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது 2018 செப்டம்பரில்தான். இன்றும் அதைத் தண்டிக்கும் நாடுகள் பல. முகவரியே நாட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் தளம் ஒருவருக்கு அசௌகரியம், இன்னொருவருக்கு வேலை, வீடு, சில இடங்களில் உயிர்.

இலவசம்தான் சிக்கல், காசு கொடுத்துப் பார்த்தால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். காசு கொடுப்பவர் பெயரையும் அட்டையையும் சேர்த்துக் கொடுக்கிறார். 2025 டிசம்பரில் போர்ன்ஹப் தன் கட்டணச் சந்தாதாரர்கள் சிலரின் தகவல் வெளியே போயிருப்பதாக அறிவித்தது. ஷைனிஹன்டர்ஸ் என்ற கும்பல் 20 கோடிக்கும் அதிகமான பதிவுகள் தன்னிடம் இருப்பதாகச் சொல்லி மிரட்டிப் பணம் கேட்டது. மின்னஞ்சல் முகவரி, என்ன தேடினார், எந்தக் காணொளியைப் பார்த்தார், எப்போது, எங்கிருந்து என்பவை அவற்றில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. கடவுச்சொல்லும் அட்டை விவரமும் போகவில்லை என்று நிறுவனம் ஆறுதல் சொன்னது. கடவுச்சொல்லை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம், தேடிய வரலாற்றை எதைக் கொண்டு மாற்றுவது? தகவல் போன வழிதான் இன்னும் முக்கியம். தளத்தின் சர்வரை யாரும் உடைக்கவில்லையாம். வருகையாளர் நடத்தையை அலசித்தரும் மிக்ஸ்பேனல் என்ற வெளி நிறுவனத்திடம் முன்பு கொடுக்கப்பட்டிருந்த தரவு அது என்றது போர்ன்ஹப். 2021-க்குப் பிறகு அந்த நிறுவனத்தோடு தாங்கள் வேலை செய்யவில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. மிக்ஸ்பேனலோ நவம்பரில் தன்னிடம் நடந்த ஊடுருவலில் அது போனதற்குச் சான்றில்லை என்று கைவிரித்தது. நான்கு ஆண்டுக்கு முன் முறிந்த ஒப்பந்தத்தின் மிச்சம் இப்படி யாருடையது என்று தெரியாமல் தெருவுக்கு வந்தது. அழித்துவிடுகிறோம் என்ற வாக்குறுதியையும் பார்த்தாகிவிட்டது. மணவாழ்க்கைக்கு வெளியே துணை தேடுவோருக்கான ஆஷ்லி மேடிசன் தளம் கணக்கை முற்றாக அழிக்க 19 டாலர் கட்டணம் வாங்கியது. 2015-ல் உடைக்கப்பட்டபோது, கட்டணம் கட்டிய பலரின் தகவலும் வெளியே வந்தது.

இதுவரை பார்ப்பவரைப் பற்றியே பேசினேன். தனியுரிமையை இவரைவிடக் கொடூரமாக இழந்தவர் திரைக்குள் இருப்பவர். யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற ஏற்பாட்டில் ஒவ்வொரு புதிய காணொளியும் செலவில்லாமல் கிடைத்த விளம்பர இடம். ஏற்றியவர் யார், படத்தில் இருப்பவர் சம்மதித்தாரா என்று கேட்பது அந்தக் குழாயைத் தானே அடைப்பது. பிரிந்துபோன காதலன் ஏற்றிய அந்தரங்கக் காட்சியை அகற்றப் போராடிய ஒரு பெண்ணின் முறையீட்டை விசாரித்த கனடாவின் தனியுரிமை ஆணையர், போர்ன்ஹப்பை நடத்தும் நிறுவனம் சம்மதத்தைச் சரிபார்க்கத் தவறிச் சட்டத்தை மீறியது என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தார். இப்படிப்பட்ட முறையீடுகள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. எதற்கும் அசையாத நிறுவனம் 2020 டிசம்பரில் பத்தே நாளில் அசைந்தது. நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி நிக்கலஸ் கிறிஸ்டாஃப் எழுதிய கட்டுரை டிசம்பர் 4-ல் வந்தது. 10-ல் விசாவும் மாஸ்டர்கார்டும் பணப் பரிமாற்றத்தை நிறுத்தின. 14-ல் அடையாளம் சரிபார்க்கப்படாத, ஏறத்தாழ ஒரு கோடிக் காணொளிகளைப் போர்ன்ஹப் அகற்றியது. அதுவரை முடியவே முடியாது என்றிருந்த சரிபார்ப்பு ஒரு வாரத்தில் கொள்கை ஆனது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சோதனை அமையாது. அந்தத் தொழிலோடு கணக்கு வைத்திருந்தவர்களில், வெளியே சொல்ல வெட்கப்படத் தேவையில்லாத தரப்பான அட்டை நிறுவனங்கள் வாயைத் திறந்தன.

அப்படியானால் தடை செய்துவிட்டால் என்ன? இந்தியா செய்து பார்த்தது. 2015-ல் 857 தளங்களை அடைக்கச் சொல்லிப் பின்வாங்கியது. உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து 2018 அக்டோபரில் 827 தளங்களை அடைத்தது. போர்ன்ஹப் உடனே வேறு முகவரியில் கண்ணாடிப் பிம்பம் ஒன்றைத் திறந்தது. மற்றவர்கள் தடையைச் சுற்றிப்போக உதவும் இலவச வி.பி.என். செயலிகளைத் தேடிப் போனார்கள். அந்தச் செயலிகளின் யோக்கியதையை ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் 2016-லேயே 283 ஆண்ட்ராய்டு வி.பி.என்.களைப் பிரித்துப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். 75 சதவீதத்தில் மூன்றாம் தரப்பு ட்ராக்கர்கள், 38 சதவீதத்தில் நச்சுநிரலுக்கான அறிகுறி, 18 சதவீதத்தில் மறையாக்கமே இல்லை. ஒரு தளத்துக்கு மட்டும் தெரிந்திருந்த விஷயம், இப்போது முழு இணையப் போக்குவரத்தையும் பார்க்கும் முகம் தெரியாத ஒருவருக்குத் தெரியும். சிறுவர்களைக் காக்கவேண்டாமா என்ற கேள்வி இதைவிட வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களும் 2025 ஜூலை முதல் பிரிட்டனும் வயதை நிரூபிக்கச் சொல்கின்றன. நோக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அடையாள அட்டையை எங்கே காட்டுவது என்பதில் இருக்கிறது. டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தின் வெளி ஒப்பந்ததாரர் வழியாக, வயதுச் சரிபார்ப்புக்காகப் பயனர் அனுப்பிய சுமார் 70,000 அரசு அடையாள அட்டைப் படங்கள் கசிந்தது 2025 அக்டோபரில் தெரியவந்தது. அட்டை காட்டத் தயங்குகிறவர் பார்ப்பதை நிறுத்திவிடுவதும் இல்லை. அமெரிக்க மாநிலங்களின் தேடல் தரவை ஆராய்ந்த குழு ஒன்று, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பெரிய தளத்துக்கான தேடல் 51 சதவீதம் குறைந்ததையும், கட்டுப்படாத பெரிய தளத்துக்கான தேடல் 48 சதவீதம் கூடியதையும் 2025-ல் காட்டியது. பிரான்ஸ் வகுத்த வழி இவற்றில் உருப்படியானது. வயதுக்குச் சான்று தருபவருக்கு அது எந்தத் தளத்துக்கு என்று தெரியக்கூடாது; தளத்துக்கு வந்தவர் யார் என்று தெரியக்கூடாது. மறையாக்கக் கணிதத்தால் இது செய்யக்கூடியதே. செலவு கூடும், அவ்வளவுதான்.

சட்டத்துக்கு வருவோம். ஐரோப்பியச் சட்டம் ஒருவரின் பாலியல் வாழ்க்கை பற்றிய தகவலைத் தனி வகையாகப் பிரித்துக் கூடுதல் காவல் போட்டிருக்கிறது. இந்தியாவின் 2011 விதிகளில் பாலியல் நாட்டம் உணர்வுபூர்வமான தகவல் என்று பட்டியலில் இருந்தது. 2019-ன் மசோதாவிலும் அது தொடர்ந்தது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. நீங்கள் வாங்கிய செருப்பின் அளவுக்கும் நள்ளிரவில் தேடிய சொல்லுக்கும் சட்டத்தின் பார்வையில் ஒரே மதிப்பு. இந்தியாவில் உள்ளவர்களுக்குச் சேவை தரும் வெளிநாட்டு நிறுவனங்களையும் சட்டம் கட்டுப்படுத்தும் என்பது உண்மை; மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்பதும் உண்மை. ஆனால் 13-வது பிரிவைப் படியுங்கள். பாதிக்கப்பட்டவர் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடமே முறையிடவேண்டும். அந்த வழி தீர்ந்தபிறகுதான் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் கதவைத் தட்டலாம். ஒரு பள்ளி ஆசிரியரோ வங்கி ஊழியரோ, தன் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதி, நான் உங்கள் ஆபாசத் தளத்தைப் பார்த்து வந்தேன், என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு அனுப்பவேண்டும். அதாவது எதை மறைக்க நினைத்தாரோ அதையே கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். ஐரோப்பியச் சட்டத்தின் 80-வது பிரிவு, பாதிக்கப்பட்டவர் சார்பில் பொதுநல அமைப்பு முறையிடுவதற்கு இடம் தருகிறது. உறுப்பு நாடு விரும்பினால், தனி ஆள் யாரும் கேட்காமலேயே அமைப்பு முறையிடவும் வழி செய்யலாம். நம் சட்டத்தில் அதற்கு இணையான பிரிவு இல்லை. 2025 நவம்பரில் வெளியான விதிகளின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பிறர் சார்பில் முறையிடும் ஒரு வரியைச் சேர்க்க அந்த அவகாசம் தாராளமாகப் போதும்.